அம்மா ஆறு வருஷமாகப் போடும் வைட்டமின் ஈ கேப்ஸ்யூல்: தேவைதானா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. போன வருஷம் இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க, வார்ஃபரின் மாத்திரை போடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவை மாதம் ஒரு தடவை பார்க்கிறோம், 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதுவரை ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அம்மா துணி காயப்போடக் கையைத் தூக்கியபோது முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தேன். எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்றார். மறுநாளே ரத்தம் எடுத்துப் பார்த்தால் 5.2.

டாக்டர் முதலில் கேட்டது, வேறு என்னென்ன சாப்பிடுகிறார் என்றுதான். நான் மாத்திரைப் பையை அப்படியே கொட்டிக் காட்டினேன். பல் வலிக்கு ஐந்து நாள் போட்ட ஆன்டிபயாட்டிக் சீட்டும் அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து அடுப்படி அலமாரியைத் துடைக்கும்போதுதான் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைட்டமின் ஈ 400 அட்டைகள் நாலைந்து கிடந்ததைப் பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கெண்டைக்கால் பிடிக்கிறது என்று போனபோது ஒருவர் ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தது. அம்மா நிறுத்தவே இல்லை. அதோடு, முட்டி வலிக்கும் நல்லது என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் இரண்டு மாதமாகத் தினமும் இரண்டு போட்டிருக்கிறார். ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது மாத்திரை இல்லடி, சத்து" என்றார்.

இப்போது நிறுத்தியாகிவிட்டது. டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். என் கேள்வி இதுதான். இந்த வைட்டமின் ஈ உடம்பில் என்னதான் வேலை செய்கிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? நம் வீட்டுச் சாப்பாட்டில் அது கிடைக்கிறதா இல்லையா? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.


மருந்துக்கடை இரவு ஷிப்ட் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னது என் கடையில் தினமும் நடக்கிறது. காலி அட்டையைக் கொண்டு வந்து நீட்டி "பச்சைக் கேப்ஸ்யூல் ரெண்டு அட்டை" என்பார்கள். சீட்டு யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. கால் பிடிப்புக்கு ஒருவர், முடி கொட்டுவதற்கு ஒருவர், குழந்தை தங்கவில்லை என்று ஒருவர், முகத்தில் தடவ கல்லூரிப் பெண்கள். எல்லாவற்றுக்கும் அதே கேப்ஸ்யூல். வார்ஃபரினோடு சேரக்கூடாது என்று படித்திருக்கிறேன், ஆனால் வார்ஃபரின் வாங்க வருகிறவரும் வைட்டமின் வாங்க வருகிறவரும் ஒரே ஆள்தானா என்று நான் பார்த்ததில்லை. இதைப் படித்ததும் மனசு உறுத்துகிறது.


ஓடும் கால்கள் எழுதியது:

பயப்பட ஒன்றும் இல்லை சகோதரி. நான் மாரத்தான் ஓடுகிறவன், ஐந்து வருஷமாக தினமும் ஒரு 400 போடுகிறேன், எனக்கு எதுவும் ஆகவில்லை. இன்றைக்கு மண்ணில் சத்து இல்லை, எண்ணெயை எல்லாம் ரீஃபைன் செய்து சக்கையாக்கிவிடுகிறார்கள், ஆக எல்லோருக்கும் குறைபாடு இருக்கிறது. இது ஆன்டி ஆக்ஸிடன்ட், இதயத்துக்கு நல்லது, புற்றுநோய் வராது. வைட்டமின் கூடிப்போனால் சிறுநீரில் போய்விடும். உங்கள் அம்மாவுக்கு ஏறியது அந்த ஆன்டிபயாட்டிக்கால்தான் இருக்கும்.


பழைய லெக்சரர் எழுதியது:

ஓய்வு பெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை நான். இந்த வைட்டமினை முப்பது வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கதை எலியில் தொடங்குகிறது. 1922-ல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் இவான்ஸ், கேத்தரின் பிஷப் என்ற இருவர் எலிகளுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்ந்த ஒரு தயாரிப்பு உணவு கொடுத்து வளர்த்தார்கள். எலிகள் நன்றாக வளர்ந்தன, சினையும் பிடித்தன, ஆனால் குட்டி ஈனவில்லை. கரு வயிற்றுக்குள்ளேயே கரைந்து போனது. கொஞ்சம் லெட்யூஸ் கீரை, அப்புறம் கோதுமை முளைக்கரு கொடுத்ததும் குட்டி பிறந்தது. 1924-ல் பார்னெட் ஷூர் இதற்கு வைட்டமின் ஈ என்று பெயர் வைத்தார். 1936-ல் இவான்ஸ் குழு கோதுமை முளைக்கரு எண்ணெயிலிருந்து அதைப் பிரித்தெடுத்தபோது, ஒரு கிரேக்க மொழிப் பேராசிரியர் யோசனைப்படி டோகோபெரால் என்று அழைத்தார்கள். டோகோஸ் என்றால் பிள்ளைப்பேறு. பிள்ளை வரம் தருவது என்ற எண்ணம் பெயரிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது, மருந்துக்கடைத் தம்பி சொன்ன "குழந்தை தங்க" என்பதன் வேர் அங்கே இருக்கிறது. எலியில் கண்டது மனிதர்களிடம் அப்படியே வரவில்லை. கர்ப்பத்தில் ரத்தக்கொதிப்பு சிக்கல் வராமல் தடுக்குமா என்று வைட்டமின் சி-யோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வில் (2006) அது தடுக்கவில்லை. எடை குறைந்த குழந்தைகள் பிறந்ததுதான் அதிகமானது.

உடம்பில் அதன் வேலை என்ன? நம் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு. அந்தச் சவ்வு பெரும்பாலும் கொழுப்பு. அதிலும் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பு அமிலங்கள் நிறைய. ஒன்று கெட்டால் அது பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும், அது அடுத்ததை. ஓலைக் கூரை வீடுகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு கூரை பற்றினால் தீ தாவிக்கொண்டே போகுமே, அந்த மாதிரி. வைட்டமின் ஈ-யின் முக்கிய வடிவமான ஆல்பா டோகோபெரால் அந்தச் சவ்வுக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, தீயைத் தான் வாங்கிக்கொண்டு அடுத்த கூரைக்குப் போகவிடாமல் நிறுத்துகிறது. வாங்கிக்கொண்டதை வைட்டமின் சி திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. ரத்தச் சிவப்பணு, நரம்பு, கண்ணின் விழித்திரை, இவையெல்லாம் இந்தப் பாதுகாப்பை அதிகம் நம்பியிருப்பவை.

வைட்டமின் ஈ என்று நாம் சொல்வது உண்மையில் எட்டுப் பொருள்கள், நான்கு டோகோபெரால், நான்கு டோகோட்ரையினால். குடல் எல்லாவற்றையும் உறிஞ்சும். கல்லீரலில் ஒரு புரதம் இருக்கிறது, அது ஆல்பாவை மட்டும் பொறுக்கி ரத்தத்துக்கு அனுப்பும், மற்றதை உடைத்து வெளியேற்றிவிடும். ஓடும் கால்கள் தம்பிக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "கூடினால் சிறுநீரில் போய்விடும்" என்பது பி-க்கும் சி-க்கும் சொல்வது. ஈ கொழுப்பில் கரைவது. ஏ, டி போல அவ்வளவு சீக்கிரம் தேங்கி விஷமாகாது என்பது உண்மைதான், ஆனால் தேங்கும் காலத்தில் அது சும்மா இருப்பதில்லை. முக்கியமாக, அதிக அளவில் அது, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலைக்குக் குறுக்கே வருகிறது. வார்ஃபரினும் அதே வைட்டமின் கே-யைத்தான் தடுக்கிறது. இரண்டும் ஒரே பக்கம் இழுத்தால் ரத்தம் உறைய நேரமாகும்.

வைகைக்கரை மகளே, ஐ.என்.ஆர். ஏறியதற்குக் கேப்ஸ்யூல் மட்டும்தான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, சில ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றும். ஒன்று மறக்காதீர்கள். வார்ஃபரின் அளவை அவர்கள் முடிவு செய்தபோது அம்மா ஏற்கெனவே தினம் ஒரு கேப்ஸ்யூல் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் நின்றுவிட்டது. ஆக இனி ஐ.என்.ஆர். தேவைக்குக் கீழே இறங்கவும் வாய்ப்பு இருக்கிறது. உலோக வால்வுக்கு அது இன்னும் ஆபத்து. ஒரு மாதம் காத்திருக்காமல் சீக்கிரம் சீக்கிரம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

ரொம்ப நன்றி அம்மா. இறங்கவும் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கே போன் செய்து கேட்கிறேன்.


ஓடும் கால்கள் எழுதியது:

மேடம், மரியாதையோடு கேட்கிறேன். இதயத்துக்கு நல்லது என்று எத்தனையோ ஆய்வு வந்ததாகப் படித்திருக்கிறேனே. எல்லாம் பொய்யா?


பழைய லெக்சரர் எழுதியது:

பொய் இல்லை தம்பி. 1993-ல் அமெரிக்க நர்சுகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், வைட்டமின் ஈ மாத்திரை போட்டவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது என்றார்கள். அதைப் பார்த்துத்தான் உலகமே வாங்கத் தொடங்கியது. ஆனால் தானாக விரும்பி வைட்டமின் போடுகிறவர் யார்? புகைக்காதவர், நடைப்பயிற்சி போகிறவர், உங்களைப் போல ஓடுகிறவர். நல்லது செய்தது மாத்திரையா, அந்தப் பழக்கமா என்று கவனித்துக்கொண்டிருப்பதால் மட்டும் பிரித்துவிட முடியாது. அதனால் பாதிப் பேருக்கு வைட்டமின், பாதிப் பேருக்கு வெறும் டம்மி என்று சீட்டுப்போட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹோப் என்ற ஆய்வு 2000-ல் வந்தது, 400 யூனிட் கொடுத்தும் இதயத்துக்கு ஒரு பயனும் இல்லை.

புற்றுநோய்க் கதை இன்னும் வருத்தமானது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் தினம் 50 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வு 1994-ல் வந்தது. நுரையீரல் புற்று குறையவில்லை, ஆனால் ப்ராஸ்டேட் புற்று குறைந்தமாதிரி தெரிந்தது. மூளையில் ரத்தக்கசிவால் இறந்தவர்கள் கூடியிருந்ததையும் அதே ஆய்வு சொன்னது. ப்ராஸ்டேட் நம்பிக்கையை வைத்து அமெரிக்காவில் செலக்ட் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள், 35,000-க்கும் மேல் ஆண்கள், தினம் 400 யூனிட். பயன் இல்லை என்று 2008-ல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியபின்னும் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2011-ல் கணக்குப் பார்த்தபோது வைட்டமின் ஈ மட்டும் போட்டவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்று 17 சதவீதம் அதிகம். தடுக்கும் என்று கொடுத்தது கூட்டிவிட்டது. நீங்கள் போடும் அதே 400, தம்பி. உங்கள் வயது எனக்குத் தெரியாது. ஐந்து வருஷமாக எதுவும் ஆகவில்லை என்கிறீர்கள், சந்தோஷம், அது ஆதாரம் ஆகாது.


காங்கயம் செக்கு எழுதியது:

நான் மரச்செக்கு வைத்திருக்கிறேன், கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். வருகிறவர்கள் எல்லாம் "செக்கு எண்ணெயில் வைட்டமின் ஈ நிறைய இருக்கிறதாமே" என்று கேட்டு வாங்குகிறார்கள். ஆமாம் என்று சொல்லித்தான் விற்கிறேன். ஆனால் எந்த எண்ணெயில் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. மேடம் சொல்ல முடியுமா? இன்னொன்று, ஆட்டின எண்ணெயை அகலமான எவர்சில்வர் அண்டாவில் ஊற்றி, மேலே வெள்ளை வேட்டியைக் கட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்துத்தான் தெளிய விடுவோம். எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். அதில் சத்து எதுவும் போகுமா?


பழைய லெக்சரர் எழுதியது:

தம்பி, நேர்மையாகக் கேட்டதற்கு முதலில் நன்றி. 100 கிராம் எண்ணெய்க்கு ஆல்பா டோகோபெரால் கணக்கு சுமாராக இப்படி. சூரியகாந்தி எண்ணெயில் 41 மி.கி., தவிட்டு எண்ணெயில் 32, கடலை எண்ணெயில் 15 அல்லது 16. நல்லெண்ணெயில் ஆல்பா ஒன்றரை மி.கி. கூட வராது. அதில் இருப்பது பெரும்பாலும் காமா என்ற இன்னொரு வகை. எள்ளில் செசமின் என்று ஒன்று இருக்கிறது, அது அந்தக் காமாவைச் சீக்கிரம் உடைந்துபோக விடாமல் காக்கிறது. அதனால் எள் சாப்பிடுகிறவர் ரத்தத்தில் காமா கூடுகிறது. ஆனால் தினசரித் தேவைக்கு ஆல்பாவை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, 0.1 மி.கி. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் வைட்டமின் ஈ நிறைந்தது என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். அதற்காகத் தேங்காய் எண்ணெய் கெட்டது என்று சொல்லவில்லை, அதில் எளிதில் கெடும் கொழுப்பே குறைவு, காவலும் அதற்குக் குறைவாகத்தான் தேவை.

ரீஃபைன் செய்யும்போது, வாடை போக அதிக சூட்டில் நீராவி விடும் கட்டத்தில், கொஞ்சம் டோகோபெரால் போகும். முழுவதும் போவதில்லை. ரீஃபைன்ட் சூரியகாந்தி எண்ணெயிலும் நிறையவே மிஞ்சுகிறது. சக்கை என்று சொல்வது சரியில்லை.

வெயில் விஷயம்: வெளிச்சமும் காற்றும் சூடும் டோகோபெராலுக்கு ஆகாது. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காப்பாற்றுவதே அதுதான், காப்பாற்றும் வேலையில் தானே தீர்ந்துகொண்டு வரும். அகலமான பாத்திரம், மேலே மெல்லிய துணி, இரண்டு நாள் வெயில் என்றால் எவ்வளவு போகும் என்பது எண்ணெயைப் பொறுத்தது, ஆனால் நிச்சயமாகப் போகும். மூடிய பாத்திரத்தில், நிழலில், நாள் கூட எடுத்துத் தெளிய விட்டால் நல்லது. பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினாலும் இதே கதைதான்.


வைகைக்கரை எழுதியது:

//ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்// இதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் தேடியதில் ஒரு இடத்தில் 15 மி.கி. என்று இருக்கிறது, இன்னொரு இடத்தில் 10. அம்மா போட்டது 400. அப்படியானால் ஒரு கேப்ஸ்யூல் நாற்பது நாள் அளவா?


பழைய லெக்சரர் எழுதியது:

கணக்கு கிட்டத்தட்ட சரி, ஒரு திருத்தம் உண்டு. கேப்ஸ்யூலில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் செய்த டோகோபெரால் அசிடேட். அதில் பாதி, உடம்பு பிடித்துவைத்துக்கொள்ளாத வடிவம். அதனால் 400 மி.கி. அசிடேட் (யூனிட் கணக்கிலும் அது 400 தான்), இயற்கையான ஆல்பா 180 மி.கி.-க்குச் சமம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 7.5 முதல் 10 மி.கி. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 15, பால் கொடுக்கும் தாய்க்கு 19. பத்து என்றே வைத்தால் ஒரு கேப்ஸ்யூல் 18 நாள் அளவு. அம்மா இரண்டு போட்டார், ஆக தினமும் 36 நாள் அளவு. அதே 180 மி.கி.-ஐ நிலக்கடலையில் எடுக்க வேண்டுமென்றால் இரண்டு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்.

இந்த அளவு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நான் ஒரு வகுப்பிலும் விட்டதில்லை. 1950-களில் அமெரிக்காவில் எல்ஜின் என்ற ஊரில் ஒரு மனநல மருத்துவமனை. அங்கே இருந்த ஆண் நோயாளிகளுக்கு மேக்ஸ் ஹார்விட் என்பவர் வருஷக்கணக்கில் வைட்டமின் ஈ குறைந்த உணவு கொடுத்தார். ரத்தத்தில் அளவு இறங்கவே மாதங்கள், வருஷங்கள் ஆயின, உடம்பின் கொழுப்பில் அவ்வளவு சேமிப்பு. இறங்கியபின் அவர்கள் சிவப்பணுவை எடுத்துச் சோதனைக்குழாயில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் சட்டென்று உடைந்தது. ஆளுக்கு வெளிப்படையான நோய் எதுவும் வரவில்லை. அந்தச் சிவப்பணு உடையாமல் இருக்க எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்துதான் 15 மி.கி. வந்தது. இன்றைக்கு அப்படி ஓர் ஆய்வுக்கு எந்தக் குழுவும் அனுமதி தராது. நம் தட்டில் இருக்கும் எண்ணுக்குப் பின்னால் அந்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் பாருங்கள். கடலை எண்ணெய் நாளுக்கு ஆளுக்கு 25 கிராம் என்றால் 4 மி.கி. ஒரு கைப்பிடி நிலக்கடலை, 30 கிராம், இரண்டரை. கீரை ஒரு கிண்ணத்தில் ஒன்று, இரண்டு. ஒரு முட்டையில் அரை. மீதி பருப்பு, காய், மீன் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். பத்தை ஒட்டி வந்துவிடும். பாதாம் பத்து போட்டால் மூன்று மி.கி. கூடும், ஆனால் காசு கொடுத்துப் பாதாம்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. வெறும் தேங்காய் எண்ணெய், வெள்ளை அரிசி, பரோட்டா என்று ஓட்டுகிற வீட்டில்தான் நான் யோசிப்பேன். அரிசியைத் தீட்டும்போது வைட்டமின் ஈ தவிட்டோடும் முளையோடும் போய்விடுகிறது, மைதாவிலும் அப்படியே.


பாப்புவின் அம்மா எழுதியது:

நான் இதைப் படித்துவிட்டு எழுதாமல் போக முடியவில்லை. "யாருக்கும் தேவையில்லை" என்று இந்த இழை முடிந்துவிடக் கூடாது.

என் மகளுக்குப் பிறவியிலேயே பித்தநாளம் அடைப்பு. இரண்டு மாதக் குழந்தையாக இருக்கும்போது பித்தம் குடலுக்கு வர வழி செய்யும் கசாய் அறுவை சிகிச்சை செய்தோம். மஞ்சள் குறைந்தது, ஆனால் பித்தம் குடலுக்குச் சரியாக வரவில்லை. மூன்று வயதில் நடை ஒரு மாதிரி ஆனது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, வாசல்படி இறங்கும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பித்தாள். இருட்டில் தடுமாறினாள். குழந்தை நல டாக்டர் அவளைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினார். கால் அசையவே இல்லை. மறு காலிலும் தட்டினார், இல்லை. நான் அப்போது அதை நல்லது என்று நினைத்தேன், அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் புரிந்தது.

ரத்தத்தில் வைட்டமின் ஈ பார்த்தபோது கொழுப்பையும் சேர்த்துப் பார்த்தார். கொலஸ்ட்ரால் ஏறியிருக்கும் குழந்தைக்கு வைட்டமின் ஈ அளவும் சரியாக இருப்பதுபோலக் காட்டுமாம், இரண்டையும் வகுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியுமாம். மிகக் குறைவு. சாதாரண கேப்ஸ்யூல் பித்தம் இல்லாமல் உறிஞ்சப்படாது என்று, தண்ணீரில் கலக்கும் வகை சொட்டு மருந்து கொடுத்தார். எட்டு மாதத்தில் படி இறங்கினாள். முட்டி இன்னும் முழுதாகத் துள்ளுவதில்லை. ஒரு வருஷம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

கல்லீரல், பித்தம், கணையம், குடல் பிரச்சினை உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் தயவுசெய்து உங்கள் டாக்டரிடம் வைட்டமின் ஈ பற்றிக் கேளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், கேளுங்கள்.


பழைய லெக்சரர் எழுதியது:

தாயே, நீங்கள் எழுதியதுதான் இந்த இழையில் முக்கியமானது. சாப்பாட்டில் குறைந்து இந்த நோய் வருவது அபூர்வம். உடம்புக்குள் போகாமல் தடுக்கப்படும்போதுதான் வருகிறது. கொழுப்பு உறிஞ்சாத நோய்கள், குறைமாதக் குழந்தைகள், இப்படி. இன்னொன்று, நான் முன்பு சொன்ன கல்லீரல் புரதத்தின் மரபணுவே பழுதானவர்கள் உண்டு. அது 1995-ல் கண்டுபிடிக்கப்பட்டது. துனிசியா போன்ற வட ஆப்பிரிக்க நாடுகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. பத்து வயதை ஒட்டித் தள்ளாட்டம் தொடங்கும், ஃப்ரீட்ரைக் அட்டாக்சியா என்ற தீராத நோய் மாதிரியே இருக்கும். ஆனால் இதற்கு மருந்து உண்டு: வாழ்நாள் முழுக்க அதிக அளவு வைட்டமின் ஈ. சீக்கிரம் கண்டுபிடித்தால் அதோடு நிறுத்திவிடலாம். இவர்களுக்கு அந்தக் கேப்ஸ்யூல்தான் நடை.

குறைமாதக் குழந்தைகள் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. 1984-ல் அமெரிக்காவில் ஈ-ஃபெரால் என்று ரத்தநாளத்தில் ஏற்றும் வைட்டமின் ஈ ஒன்றைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். வைட்டமின்தானே என்று உரிய சோதனை இல்லாமலே விற்பனைக்கு வந்தது. 38 குழந்தைகள் இறந்தன.


தாம்பரம் பாசஞ்சர் எழுதியது:

எனக்குக் கொழுப்புக் கல்லீரல், டாக்டர் தினம் இரண்டு 400 எழுதியிருக்கிறார். இதைப் படித்துப் பயந்துவிட்டேன். நிறுத்திவிடவா?


பழைய லெக்சரர் எழுதியது:

நீங்களாக நிறுத்தாதீர்கள். அது ஆதாரம் இல்லாமல் எழுதியது இல்லை. 2010-ல் வந்த ஓர் ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத, கல்லீரல் வீக்கம் உள்ளவர்களுக்குத் தினம் 800 யூனிட் 96 வாரம் கொடுத்தார்கள். வைட்டமின் போட்டவர்களில் 43 சதவீதம் பேருக்கும் டம்மி போட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கும் கல்லீரல் தேறியது. ஆனால் அது திசு எடுத்துப் பார்த்து உறுதி செய்தவர்களிடம் செய்தது, ஸ்கேனில் லேசாகக் கொழுப்பு தெரிந்தவர்களிடம் இல்லை. அடுத்த தடவை போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு வெறும் கொழுப்பா, வீக்கமும் இருக்கிறதா? எத்தனை மாதம்? எதை வைத்து நிறுத்துவது? சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லுங்கள். கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி (மாக்குலா) தேய்வதற்குத் துத்தநாகம், வைட்டமின் சி-யோடு சேர்த்து 400 யூனிட் கொடுப்பதற்கும் இதேபோல ஆதாரம் உண்டு.


மஞ்சள் பூசினவள் எழுதியது:

முகத்தில் தடவுவது பற்றி யாரும் சொல்லவில்லையே? நான் ஊசியால் குத்திப் பிதுக்கி, பரு வந்த தழும்பில் ஒரு மாதம் தடவினேன். சிவந்து அரிப்பு எடுத்துத் தோல் டாக்டரிடம் போகும்படி ஆகிவிட்டது.


பழைய லெக்சரர் எழுதியது:

அறுவைத் தழும்பில் தடவிப் பார்த்த ஆய்வு ஒன்று 1999-ல் வந்தது, பதினைந்து பேர் கொண்ட சிறிய ஆய்வு. தழும்பு தேறவில்லை, மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. உங்களுக்கு நடந்ததும் அதுவாக இருக்கலாம். நிறுத்தியது சரி.


ஓடும் கால்கள் எழுதியது:

மேடம், நேற்றெல்லாம் யோசித்தேன். எனக்கு 52 வயது. அப்பாவுக்கு ப்ராஸ்டேட் புற்று இருந்தது. அதனால்தான் நான் இதையே ஆரம்பித்தேன். இன்று நிறுத்திவிட்டேன். "எல்லோருக்கும் குறைபாடு" என்று நான் எழுதியதை யாரும் நம்பி வாங்கிவிட வேண்டாம். கால் பிடிப்பு வந்தால் என்ன செய்வது என்று வேறு இழையில் கேட்கிறேன்.


வைகைக்கரை எழுதியது:

இன்று ஐ.என்.ஆர். 2.9. போன வாரம் 2.3-க்கு இறங்கியிருந்தது, லெக்சரர் அம்மா சொன்னது அப்படியே நடந்தது. வார்ஃபரினைக் கொஞ்சம் கூட்டினார்கள். இரண்டு மாதம் வாராவாரம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கேப்ஸ்யூலா ஆன்டிபயாட்டிக்கா என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்றார். ஆறு வருஷம் அவருக்கே தெரியாமல் போனதுதான் அவரையும் சங்கடப்படுத்தியது. கை கன்றல் மஞ்சளாகி மறைந்துவிட்டது. அம்மா கடலைமிட்டாய் சாப்பிடலாமா என்று கேட்கச் சொன்னார்.


பழைய லெக்சரர் எழுதியது:

தாராளமாக. கீரையையும் விட வேண்டாம், வாரத்துக்கு எத்தனை நாள் சமைப்பீர்களோ அதை மாற்றாமல் சமையுங்கள். கீரையில் வைட்டமின் கே இருப்பதால் ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் இல்லை என்றால்தான் ஐ.என்.ஆர். ஆடும்.


மருந்துக்கடை இரவு ஷிப்ட் எழுதியது:

நேற்று ஒரு பெரியவர் காலி அட்டையோடு வந்தார். வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் ஐயா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார், வார்ஃபரின் இல்லை, க்ளோபிடோக்ரெல் இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவதுதான் அதுவும். அவர் டாக்டர் நம்பருக்கு நானே போன் செய்து கேட்டேன், வேண்டாம் என்றார். கவுன்டருக்கு மேலே ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் வைட்டமின் ஈ வாங்கும் முன் சொல்லவும்."


காங்கயம் செக்கு எழுதியது:

அண்டாவை ஷெட்டுக்குள் மாற்றிவிட்டேன், மூடி போட்டு. இரண்டு நாளில் தெளிகிற கடலை எண்ணெய்க்கு ஐந்து நாள் ஆகிறது, அடியில் கசடு நன்றாகவே இறங்குகிறது. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளையும் எடுத்துவிட்டேன்.